உலோக நானோ துகள்களை மின்வேதியியல் மூலம் கண்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் நானோ துகள்களை ஒரு மின்முனையையும் ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டையும் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்துக்கொண்டு எப்படிக் கண்டறியலாம், எண்ணலாம், அளவு சொல்லலாம் என்பதுதான் இந்தப் பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்கள், துகளைத் தயாரித்து வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்கள், நீர்ப் பரிசோதனையில் ஆர்வமுள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் வெள்ளியைப் பற்றியவை. இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட உலோகம் அதுதான். காலுறை, காயக்கட்டு, கிருமிநாசினித் தெளிப்பான் என்று நம் கைக்கு அதிகம் வருவதும் அதுதான்.

தண்ணீரில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் போதாதா? துகளைத் தனியாக ஏன் கண்டறிய வேண்டும்?

போதாது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வெள்ளி இருக்கிறது என்று ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளி அயனியாகக் கரைந்திருக்கலாம். 20 நானோமீட்டர் துகள்களாக மிதக்கலாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கொத்துகளாகியிருக்கலாம். கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடாகவும் மாறியிருக்கலாம். நான்குக்கும் மொத்த வெள்ளி ஒன்றே. ஆனால் உயிர்களுக்கு அவை ஒன்றல்ல. வெள்ளி அயனி மீன்களின் செவுளைத் தாக்கும் கடுமையான நஞ்சு. சல்ஃபைடோ ஏறக்குறைய கரையாத பொருள், அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. துகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மெல்லக் கரைந்து அயனியை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியவை: எந்த உலோகம், எந்த வடிவில், என்ன அளவில், எத்தனை. அமிலத்தில் கரைத்து மொத்த உலோகத்தை அளக்கும் எந்த முறையும் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மற்ற மூன்றும் கரைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

அதற்குத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் ஒளிச்சிதறல் கருவியும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவற்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி துகளின் வடிவத்தையே காட்டும். ஆனால் மாதிரியை உலர்த்தி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். கரைசலில் துகள்கள் பிரிந்திருந்தனவா, உலரும்போது ஒட்டிக்கொண்டனவா என்று படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒளிச்சிதறல் கரைசலிலேயே அளக்கும். ஆனால் சிதறும் ஒளி துகளின் விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏறுவதால் நாலைந்து பெரிய துகள்கள் சிறியவற்றை மறைத்துவிடும். தவிர, மிதப்பது வெள்ளியா களிமண்ணா என்று அதற்குத் தெரியாது. ஒற்றைத் துகள் முறையில் இயங்கும் ஐ.சி.பி. நிறை நிறமாலைமானி (மாதிரியைச் சூடான பிளாஸ்மாவில் அயனிகளாக்கி நிறையை வைத்து அடையாளம் காண்பது) மிக நல்ல கருவி. அதற்கு ஆர்கான் வாயு, பெரிய ஆய்வகம், பெரிய செலவு எல்லாம் வேண்டும்.

மின்வேதியியலின் பலம் என்னவென்றால், கரைசலிலேயே, உலர்த்தாமல், இது இன்ன உலோகம் என்று பிரித்து, ஒவ்வொரு துகளாகவும் அளக்க முடியும். கருவியும் மேசையில் அடங்கிவிடும்.

அடிப்படைத் தத்துவம் என்ன?

வெள்ளித் துகள் நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் மின்முனையைத் தொட்டால், அதிலுள்ள ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் போகும். எத்தனை எலக்ட்ரான் வந்ததோ அத்தனை அணு. ஃபாரடே 1830-களில் வகுத்த மின்பகுப்பு விதிதான் இது, புதிதாக எதுவும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த மின்னழுத்தத்தில் கரைசலில் இருக்கும் வெள்ளி அயனி எந்த மின்னோட்டத்தையும் தராது. அது ஏற்கெனவே எலக்ட்ரானை இழந்தாகிவிட்டது, இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை. உலோகமாக இருக்கும் துகள் மட்டுமே சமிக்ஞை தரும். அயனியையும் துகளையும் வடிகட்டாமல், பிரிக்காமல், ஒரே பாத்திரத்தில் வைத்து வேறுபடுத்தும் வழி இப்படி இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. மற்ற பல முறைகள் இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் இத்தனை பாடுபடுகின்றன.

செய்முறையில் இரண்டு பாதைகள் உண்டு. துகள்களை மொத்தமாக மின்முனையில் படியவைத்துக் கரைப்பது ஒன்று. கரைசலில் மிதக்கும் துகள்கள் தாமாக வந்து மோதும்போது ஒவ்வொன்றாக அளப்பது இன்னொன்று.

படியவைத்துக் கரைக்கும் முறையை விளக்க முடியுமா?

இது எளிய முறை, பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் கருவியிலேயே நடக்கும். கண்ணாடிக் கார்பன் மின்முனையை அலுமினாப் பொடியால் மெருகேற்றி, கழுவி, அதன்மேல் சில மைக்ரோலிட்டர் வெள்ளிக் கூழ்மத்தை (துகள்கள் மிதக்கும் நீர்மம்) வைத்து உலர விடுகிறோம். பிறகு பொட்டாசியம் நைட்ரேட் அல்லது சோடியம் பெர்குளோரேட் கரைசலில் அமிழ்த்தி, மின்னழுத்தத்தை மெல்ல நேர்ப்பக்கம் ஏற்றுகிறோம். ஓர் இடத்தில் மின்னோட்டம் எழும்பி இறங்கும். அந்த முகட்டின் பரப்பளவுதான் மின்னூட்டம், அதிலிருந்து வெள்ளியின் அளவு.

ஒரு கணக்கு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் வெள்ளி உள்ள கூழ்மத்தில் 5 மைக்ரோலிட்டர் வைத்தால், மின்முனையில் இருப்பது 50 நானோகிராம் வெள்ளி. எல்லாம் கரைந்தால் சுமார் 45 மைக்ரோகூலும் மின்னூட்டம் வர வேண்டும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு). பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும். காரணம், துளி காயும்போது துகள்கள் ஓரத்தில் வளையமாகக் குவிந்துவிடுகின்றன. மேலே குவிந்தவற்றுக்கு மின்முனையோடு நல்ல தொடர்பு இருப்பதில்லை. சில துகள்கள் கழன்று கரைசலுக்குள்ளும் போய்விடும். குறைவாக வந்தால் கணக்கு தப்பு என்று பதற வேண்டாம். ஆனால் அதிகமாக வந்தால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்: வேறு ஏதோ ஒன்று சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

முகடு எழும்பும் இடத்தை வைத்துத் துகளின் அளவைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். துகள் சிறியதாக ஆக, மேற்பரப்பு ஆற்றலின் பங்கு கூடி, அது எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும். முகடு எதிர் மின்னழுத்தப் பக்கம் நகரும். பிளீத் 1982-இல் இதைக் கோட்பாட்டு அளவில் எழுதினார். அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஸாம்போரினி குழு 2010 வாக்கில் வெள்ளியிலும் தங்கத்திலும் சோதனையில் காட்டியது.

இந்த நகர்வு எவ்வளவு என்றால், வெள்ளியின் மேற்பரப்பு ஆற்றலைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஜூல் என்று எடுத்துக்கொண்டால், 20 நானோமீட்டர் துகளுக்கு நகர்வு சுமார் 20 மில்லிவோல்ட். 4 நானோமீட்டருக்கு 100 மில்லிவோல்ட். ஆக, 10 நானோமீட்டருக்குக் கீழேதான் இது உண்மையிலேயே பயன்படும். அதற்கு மேலே மின்முனையில் எவ்வளவு வெள்ளி வைத்தோம், துகளைச் சுற்றியுள்ள மூலக்கூறு என்ன, கரைசலில் குளோரைடு கலந்திருக்கிறதா என்பவை முகட்டை இதே அளவுக்கு இடம் மாற்றிவிடும். முகட்டின் இடத்தை மட்டும் பார்த்து "என் துகள் 30 நானோமீட்டர்" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஒற்றைத் துகள் மோதல் முறை என்கிறார்களே, அது என்ன?

ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் காம்ப்டன் குழு 2011-இல் வெள்ளியில் இதைக் காட்டிய பிறகு இந்தத் துறையின் போக்கே மாறியது. துகளை மின்முனையில் வைப்பதில்லை. சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மிகச் சிறிய மின்முனையைக் கூழ்மத்துக்குள் விட்டு, வெள்ளியைக் கரைக்கப் போதுமான மின்னழுத்தத்தில் நிறுத்திவைத்து, நேரத்தோடு மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறோம். துகள்கள் பிரௌனியன் இயக்கத்தில் அலைந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஒன்று மின்முனையில் மோதும். மோதியதும் கரையும். திரையில் ஒரு கூர்முனை எழும்பி அடங்கும்.

தகரக் கூரையில் தூறல் ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும், மழை வலுத்தால் ஒரே இரைச்சலாகிவிடும். இங்கேயும் அப்படித்தான். செறிவு கூடினால் கூர்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தனித்தன்மையை இழக்கும். எனவே இது நீர்த்த கரைசலுக்கான முறை.

கூர்முனையின் பரப்பளவுதான் அந்தத் துகளின் மொத்த மின்னூட்டம். 50 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளி உருண்டையில் ஏறக்குறைய 38 லட்சம் அணுக்கள் இருக்கும். எல்லாம் கரைந்தால் 0.61 பிக்கோகூலும். 100 நானோமீட்டர் என்றால் 4.9 பிக்கோகூலும். 20 நானோமீட்டர் என்றால் வெறும் 39 ஃபெம்டோகூலும் (ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிக்கோ), சுமார் இரண்டரை லட்சம் எலக்ட்ரான்.

மின்னூட்டம் விட்டத்தின் மூன்றாம் படிக்கு மாறுகிறது. சமிக்ஞை சட்டென்று சரிந்துவிடும் என்பது இதன் கெட்ட பக்கம்: விட்டம் பாதியானால் சமிக்ஞை எட்டில் ஒரு பங்கு. நல்ல பக்கமும் உண்டு. மின்னூட்டத்தை அளப்பதில் 10 சதவீதம் பிழை வந்தாலும் விட்டத்தில் 3 சதவீதம்தான் பிழை வரும். சில நூறு கூர்முனைகளைச் சேர்த்தால் அளவுப் பரவல் வரைபடம் ஒன்று கிடைக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைத்த பரவலோடு அதை நேரே ஒப்பிடலாம்.

இவ்வளவு சின்ன மின்னோட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

50 நானோமீட்டர் துகள் ஒரு மில்லிவினாடியில் கரைந்தால் சராசரி மின்னோட்டம் 0.6 நானோஆம்பியர். 10 நானோமீட்டர் துகளின் மொத்த மின்னூட்டமே 5 ஃபெம்டோகூலும்தான். சாதாரண மின்முனையில் இவை பின்னணி இரைச்சலில் காணாமல் போய்விடும். அதனால்தான் மைக்ரோ மின்முனை: பரப்பு சிறிதானால் பின்னணி மின்னோட்டமும் சிறிதாகும். பெரும்பாலும் 7 மைக்ரோமீட்டர் கார்பன் இழை அல்லது 10 மைக்ரோமீட்டர் அளவில் கண்ணாடியில் பதித்த உலோகக் கம்பி.

அப்புறம் ஃபாரடே கூண்டு. மின்கலத்தைச் சுற்றி உலோகப் பெட்டி, அது சரியாகத் தரையிணைப்பு செய்யப்பட்டிருக்க வேண்டும். அறையின் டியூப்லைட், ஏ.சி., பக்கத்து மேசையில் ஓடும் காந்தக் கலக்கி எல்லாமே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொண்டுவந்து சேர்க்கும். கூண்டின் கதவு சற்றுத் திறந்திருந்தால்கூட அடிக்கோடு அலை அலையாக ஆடுவதைத் திரையில் பார்க்கலாம். மூடினால் தட்டையாகிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரியாமல் இருக்கிறது. கருவியில் இருக்கும் வடிகட்டிச் சுற்று வேகமான கூர்முனையை அகலப்படுத்திக் குட்டையாக்கிவிடும். உயரம் பொய் சொல்லும், அகலமும் பொய் சொல்லும். பரப்பளவு மட்டும் பெரும்பாலும் மாறாது. எனவே அளவு சொல்வதற்கு எப்போதும் பரப்பளவை எடுங்கள். "கூர்முனை 5 மில்லிவினாடி நீடித்தது, ஆகவே துகள் அவ்வளவு நேரம் கரைந்தது" என்று முடிவு கட்டும் முன் உங்கள் வடிகட்டியின் நேரம் என்ன என்று பாருங்கள்.

பிளாட்டினம் எளிதில் கரையாதே, அதை எப்படிக் கண்டறிவது?

அங்கே வேறு உத்தி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஆலன் பார்டும் சியாவ்யின் சியாவும் 2007-இல் இதைச் செய்தார்கள். கரைசலில் ஹைட்ரசீன் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறோம். கார்பன் மின்முனை அதைத் தொடாது, அதற்கு வினையூக்கத் திறன் இல்லை. பிளாட்டினம் தொடும். ஒரு பிளாட்டினத் துகள் வந்து கார்பன்மேல் ஒட்டிய கணத்தில் அதன் மேற்பரப்பில் ஹைட்ரசீனின் ஆக்சிஜனேற்றம் தொடங்குகிறது, மின்னோட்டம் ஒரு படி ஏறுகிறது. ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் படி அப்படியே நிற்கும். அடுத்த துகள் வந்தால் இன்னொரு படி. மாடிப்படி போன்ற பதிவு கிடைக்கும்.

4 நானோமீட்டர் பிளாட்டினத் துகளில் சுமார் 2,200 அணுக்கள்தான். அதையே கரைத்து அளந்தால் ஒரு ஃபெம்டோகூலும்கூடத் தேறாது. ஆனால் அது வினையூக்கியாக வேலை செய்யும்போது சில பத்து பிக்கோஆம்பியர் மின்னோட்டம் ஓடும், அதாவது வினாடிக்குக் கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள். சின்னத் துகளுக்கு இந்த முறைதான் வலுவானது.

இதற்கு ஒரு குறையும் உண்டு. படியின் உயரம் துகளின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. துகளின் மேற்பரப்பு சுத்தமாக இருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள காப்பு மூலக்கூறு வினையை மறிக்கிறதா என்பதையும் பொறுத்தது. கரைத்து அளக்கும்போது இந்தச் சிக்கல் குறைவு. எண்ணுவதற்கு வினையூக்க முறை, அளவு சொல்ல வாய்ப்பிருந்தால் கரைக்கும் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கம்?

தங்கத்தைக் கரைக்கலாம், ஆனால் குளோரைடோ புரோமைடோ உடன் இருக்க வேண்டும். அவை தங்க அயனியைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன, மின்னழுத்தமும் இறங்கிவரும். வழக்கமாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே இடத்தை அடைப்பதால் 20 நானோமீட்டர் தங்கத் துகளிலும் அதே இரண்டரை லட்சம் அணுக்கள்தான். ஒவ்வொன்றும் மூன்று எலக்ட்ரான் கொடுத்தால் 119 ஃபெம்டோகூலும் கிடைக்கும், வெள்ளியைப்போல் மூன்று மடங்கு. ஆனால் தங்கம் ஒற்றை இணைதிறன் நிலையிலும் கரையலாம். அப்போது எண்ணிக்கை ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். இதைச் சரிபார்க்காமல் மூன்று என்று போட்டுவிட்டால் துகள் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

ஒரே மோதலில் துகள் முழுவதும் கரைந்துவிடுகிறதா?

எப்போதும் இல்லை. சிறிய துகள்கள் பெரும்பாலும் முழுவதும் கரைகின்றன. பெரிய துகள்கள் மோதி, கொஞ்சம் கரைந்து, விலகி, மறுபடி மோதி என்று தவணை முறையில் கரைவதும் உண்டு. வாரிக் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் அன்வின் குழு உட்படப் பலர் 2017 வாக்கில் இதை வேகமான கருவிகளைக் கொண்டு காட்டினார்கள். ஒரு கூர்முனை என்று நாம் நினைத்தது நெருங்கிப் பார்த்தால் அடுத்தடுத்த பல சிறு கூர்முனைகளாக இருந்தது. மெதுவான கருவியில் அவை ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் கணக்கு தப்பாது. தனித்தனியாகப் பிரித்து எண்ணிவிட்டால் ஒரு பெரிய துகள் பல சிறிய துகள்களாகக் கணக்கில் ஏறிவிடும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கூர்முனையின் சராசரிப் பரப்பளவு ஏறாமல் ஒரே நிலைக்கு வந்துவிட்டால் முழுவதும் கரைகிறது என்று கொள்ளலாம்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

கொத்து ஒட்டுமொத்தமாகக் கரைந்தால் பெரிய கூர்முனையாக வரும். துகளின் அளவு எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்து ஏற்கெனவே தெரியும் என்றால், ஒரு கொத்தில் எத்தனை துகள் என்று வகுத்தே சொல்லிவிடலாம். ஆனால் கொத்தலுக்குக் காரணமே நாம் சேர்க்கும் உப்பாக இருக்கக்கூடும். சிட்ரேட் பூசிய துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. உப்பு கூடினால் அந்த விலக்கல் மறைந்துவிடும். மஞ்சளாக இருந்த வெள்ளிக் கூழ்மம் மின்பகுளியை, அதாவது மின்சாரம் கடத்துவதற்கான உப்புக் கரைசலை, சேர்த்துச் சிறிது நேரத்தில் சாம்பல் நிறமானால், நீங்கள் அளப்பது தயாரித்த துகளை அல்ல. உப்பின் செறிவைக் குறைத்து, துகளைக் கடைசியில் சேர்த்து, உடனே அளவிடுவதுதான் வழி.

எவ்வளவு குறைந்த செறிவு வரை போகலாம்?

இந்த முறையின் உண்மையான தடை இங்கேதான். மோதல் எண்ணிக்கையைக் கணக்கிட நல்ல எளிய சமன்பாடு ஒன்று இருக்கிறது: துகளின் விரவல் குணகம் (கரைசலில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது), எண் செறிவு (ஒரு கன அளவில் எத்தனை துகள்), மின்முனையின் ஆரம் மூன்றையும் பெருக்கி, நான்கால் பெருக்க வேண்டும். 10 மைக்ரோமீட்டர் வட்டு மின்முனை, 50 நானோமீட்டர் வெள்ளி, ஒரு பிக்கோமோலார் செறிவு என்றால், எட்டு ஒன்பது வினாடிக்கு ஒரு மோதல். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிக்கோமோலார் என்பது அந்தத் துகளுக்கு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வெள்ளி. ஆற்றிலும் ஏரியிலும் எதிர்பார்க்கப்படும் அளவு அதைவிட மிக மிகக் குறைவு. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று எடுத்தால், ஒரு மோதலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். புள்ளிவிவரத்துக்கு நூறு மோதல் வேண்டுமென்றால் நாலு நாள்.

போதாக்குறைக்கு, இவ்வளவு நீர்த்த கரைசலில் துகள்கள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியே குறைந்துபோகும்.

வழிகள் இருக்கின்றன. வட்டுக்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் நீளக் கார்பன் இழையைப் படுக்கையாகப் பயன்படுத்தலாம், மோதல் பல மடங்கு கூடும். கரைசலை ஓடவிடலாம். நூற்றுக்கணக்கான மைக்ரோ மின்முனைகளை ஒரே சில்லில் வைக்கலாம். ஆனால் பரப்பு கூடக் கூட இரைச்சலும் கூடும், சிறிய துகள்கள் அதில் மறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் ஒவ்வொரு சோதனையிலும் எடுக்க வேண்டிய முடிவு.

கடல்நீர், கழிவுநீர் போன்ற உண்மையான மாதிரிகளில் வேலை செய்யுமா?

கடல்நீரில் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழுவே 2013-இல், கடையில் விற்கும் கிருமிநாசினித் தெளிப்பானில் இருந்த வெள்ளித் துகள்களை உண்மையான கடல்நீரில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தது. கடல்நீரே மின்பகுளி, தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். குளோரைடு இருப்பதால் வெள்ளி சில்வர் குளோரைடாக மாறும், அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறைவு.

கழிவுநீர் வேறு கதை. அங்கே கந்தகச் சேர்மங்கள் நிறைய. உள்ளே போகும் வெள்ளித் துகள் பெரும்பாலும் சல்ஃபைடாகிவிடும். கழிவுநீர்ச் சேற்றில் நானோ அளவில் சில்வர் சல்ஃபைடு இருப்பதை 2010 வாக்கிலேயே பார்த்திருக்கிறார்கள். அதில் வெள்ளி ஏற்கெனவே எலக்ட்ரானை இழந்த நிலையில்தான் இருக்கிறது. ஆகவே உலோக வெள்ளிக்காக நாம் வைத்திருக்கும் மின்னழுத்தத்தில் அது பேசாது. கூர்முனை வரவில்லை என்பதற்காக வெள்ளி இல்லை என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. உலோக வெள்ளித் துகள் இல்லை என்றுதான் எழுதலாம்.

குடிநீர் வடிகட்டிகளில் வெள்ளி இருக்கிறதே, அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு வெள்ளி நானோ துகளைக் குடிநீர்ச் சுத்திகரிப்பில் பயன்படுத்துவதில் முன்னோடி. அவர்கள் 2013-இல் வெளியிட்ட பொருளில் துகள்கள் ஒரு கூட்டுப்பொருளுக்குள் சிறைபட்டிருக்கும், லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் அளவில் அயனி மட்டும் வெளியேறி நுண்ணுயிரைக் கொல்லும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இல் வெள்ளிக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். அது மொத்த வெள்ளிக்கான எண், அயனியா துகளா என்று பார்ப்பதில்லை.

வடிகட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அயனி வருகிறதா, துகளே கழன்று வருகிறதா என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். அயனிக்கு ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி: எதிர் மின்னழுத்தத்தில் அயனியை மின்முனையில் உலோகமாகப் படியவைத்து, பிறகு கரைத்து அளப்பது. அதற்கு முன் துகள்களை நுண்வடிகட்டியால் நீக்கிவிட வேண்டும். துகளுக்கு மோதல் முறை. ஒரே பொட்டென்ஷியோஸ்டாட்டில் இரண்டும் நடக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு நம் பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, ஊரில் சிக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நோய்ப் பரிசோதனையில் தங்கத் துகளைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்களே?

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். அங்கே கண்ணால் பார்க்கிறோம். அதே துகளை மின்வேதியியலால் அளந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவையும் எண்ணாகச் சொல்ல முடியும். பிரான்சில் லிமோஜ், டெக்ராண்ட் ஆகியோர் 2000-இல் நோயெதிர்ப்புப் புரதத்துக்கும், அமெரிக்காவில் ஜோசஃப் வாங் குழு 2001-இல் டி.என்.ஏ.வுக்கும் இதைச் செய்தார்கள். தேடும் மூலக்கூறு இருந்தால் தங்கத் துகள் அதில் பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டு, புரோமின் கலந்த ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் தங்கத்தைக் கரைத்து, ஸ்ட்ரிப்பிங் முறையில் அளப்பார்கள்.

சாதாரண மின்வேதி அடையாள மூலக்கூறு ஒன்று ஓரிரு எலக்ட்ரான்தான் தரும். 20 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்று லட்சக்கணக்கான அணுக்களைத் தருகிறது. உணர்திறன் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் கல்லூரியில் தொடங்க வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?

படியவைத்துக் கரைக்கும் முறையில். சிட்ரேட் வெள்ளி, 3 மில்லிமீட்டர் கண்ணாடிக் கார்பன், 0.1 மோலார் பொட்டாசியம் நைட்ரேட். ஒவ்வொரு முறையும் மின்முனையைப் புதிதாக மெருகேற்றுங்கள், முதல் ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒப்பீட்டு மின்முனையில் (மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) கவனம் தேவை. பெரும்பாலும் சில்வர்–சில்வர் குளோரைடு மின்முனைதான் கையில் இருக்கும். அதன் நுண்துளை முனை வழியாகக் குளோரைடும், சிறிதளவு வெள்ளியும் கரைசலுக்குள் கசியும். வெள்ளியைத் தேடும் சோதனையில் வெள்ளியைக் கசியவிடும் மின்முனை! இரட்டைச் சந்தி வகையை (நடுவில் இன்னொரு உப்புக் கரைசல் அறை உள்ளது) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நைட்ரேட் உப்புப் பாலம் வையுங்கள். இதைக் கவனிக்காததால் ஒரே கூழ்மத்துக்குக் காலையில் ஒரு முகடு, மாலையில் இரண்டு முகடு என்று வந்து மாணவர்கள் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முகடு குளோரைடால் வருவது.

மோதல் முறையில் வந்த கூர்முனை உண்மையிலேயே துகள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

துகள் இல்லாத அதே மின்பகுளியில், அதே மின்னழுத்தத்தில், அதே நேரம் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு கூர்முனைகூட வரக் கூடாது. பிறகு துகள் உள்ள கரைசலில் மின்னழுத்தத்தை வெள்ளி கரையும் எல்லைக்குக் கீழே இறக்குங்கள். கூர்முனைகள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவை மின்சார இரைச்சல், அல்லது துகள் மோதும்போது மின்முனையின் இரட்டை அடுக்கில் (மின்முனையை ஒட்டி அயனிகள் சேர்ந்து நிற்கும் அடுக்கு) ஏற்படும் சிறு சலசலப்பு. அடுத்து, செறிவை இரட்டிப்பாக்குங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும், ஆனால் ஒவ்வொரு கூர்முனையின் பரப்பளவும் மாறக் கூடாது. பரப்பளவும் கூடினால் துகள்கள் கொத்தாகின்றன, அல்லது இரண்டு மோதல்கள் ஒரே கூர்முனையில் கலக்கின்றன.

கடைசியாக, மின்னூட்டத்திலிருந்து கிடைத்த விட்டத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தோடு ஒப்பிடுங்கள். மின்வேதியியல் விட்டம் சிறிதாக வந்தால் துகள் முழுவதும் கரையவில்லை, அல்லது மேற்பரப்பு ஏற்கெனவே ஆக்சைடாகவோ சல்ஃபைடாகவோ மாறியிருக்கிறது. பெரிதாக வந்தால் கொத்து, அல்லது இரண்டு மோதல் ஒரே கூர்முனையில் கலந்துவிட்டது. செறிவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினால் இந்த இரண்டில் எது என்று தெரிந்துவிடும்: கலப்பு என்றால் பரப்பளவு இறங்கும், கொத்து என்றால் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.